போரின் ‘நினைவாக’ வைத்த பெயராம்

ஜூன் மாதம் பிறந்தால் இந்தப் படம் வட்ஸ்அப்பில் சுத்தத் தொடங்கும். கண்ணைக் குத்துகிற ரோஸும் ஊதாவும் கலந்த ஒரு பெட்டி. அதுக்கு மேல வெள்ளை எழுத்து. 1859இல் இத்தாலியில் மஜெந்தா எண்ட ஊரில பெரிய போர் நடந்ததாம், மண் எல்லாம் இரத்தத்தில் ஊறி இந்த நிறத்துக்கு மாறினதாம், செத்தவர்களின் நினைவாகத்தான் நிறத்துக்கு மஜெந்தா எண்டு பெயர் வைத்தார்களாம். கீழே அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள்.

இதில் போர் உண்மை. ஊர் உண்மை, வருஷம் உண்மை, நிறத்துக்கு அந்த ஊரின் பெயர் வந்ததும் உண்மை. இரத்தத்தில் ஊறிய மண் கதை பொய், ஆனால் அது சின்னப் பொய். பெரிய பொய் ‘நினைவாக’ எண்ட அந்த ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம் எண்டு கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்க, சொல்றன்.

முதலில் திகதியைப் பாருங்கள். இந்தச் சாயத்துக்கு லியோன் நகரின் ரெனார் சகோதரர்கள் காப்புரிமை எடுத்தது 1859 ஏப்ரல் 8. மஜெந்தாவில் போர் நடந்தது ஜூன் 4. சாயம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் மூத்தது. ஒரு சொட்டு இரத்தமும் சிந்த முன்னமே நிறம் போத்தலுக்குள் இருந்தது. பிறகு எந்த மண் ஊறி எந்த நிறம் வந்தது?

அந்தச் சாயம் வந்த கதையே தனிச் சுவாரசியம். 1856இல் லண்டனில் வில்லியம் பேர்கின் எண்ட 18 வயசுப் பெடியன் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, அது பிழைச்சு, ஊதா நிறச் சாயம் ஒண்டைக் கண்டுபிடித்தார். மூலப்பொருள் நிலக்கரித் தார். அதுவரை காஸ் தொழிற்சாலைகள் கழிவாக ஒதுக்கிய கறுப்புப் பசை. அந்தக் கழிவில் இருந்து பட்டுக்குப் பூசுகிற நிறம் வரும் எண்டு தெரிஞ்சதும் ஐரோப்பாவில் சாயக்காரர் எல்லாரும் அடுப்பைப் பத்தவைத்தார்கள். அப்படிச் சூடாக்கியவர்களில் ஒருவர்தான் பிரான்ஸின் வெர்கன். அனிலீனோடு வெள்ளீயக் குளோரைட்டைச் சேர்த்துச் சூடாக்கினார், இந்தச் சிவப்பு வந்தது. அதை ரெனார் சகோதரர்களுக்குக் கொடுத்தார்.

அவர்கள் வைத்த பெயர் ‘பூக்சின்’. தோட்டங்களில் தொங்கிப் பூக்கிற பியூசியாப் பூவின் நிறம் எண்டதால் அந்தப் பெயர். பியூசியா எண்டதோ 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பூக்ஸ் எண்ட ஜேர்மன் தாவரவியலாளரின் பெயரில் வந்தது. ஜேர்மன் மொழியில் ‘பூக்ஸ்’ எண்டால் நரி. பிரெஞ்சில் ‘ரெனார்’ எண்டாலும் நரி. ஆக, முதலாளிமார் பூவைச் சாட்டி வைத்துத் தங்கட பெயரையே சாயத்துக்கு வைத்துவிட்டார்கள் எண்டும் ஒரு பகிடி இருக்கு. நரிதானே.

மறுகா ஜூன் வந்தது. மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் சார்டினியப் படையும் ஒரு பக்கம், வட இத்தாலியை ஆண்ட ஆஸ்திரியப் படை மறுபக்கம். மிலான் நகருக்கு மேற்கே, திச்சினோ ஆற்றையும் அதுக்குப் பக்கத்தில ஓடுகிற பெரிய கால்வாயையும் கடந்து மஜெந்தா ஊருக்குள் சண்டை. பிரான்ஸ் வென்றது. தளபதி மக்மகோன் மார்ஷல் ஆனார், ‘மஜெந்தாக் கோமகன்’ எண்டு பட்டமும் வாங்கினார். பாரிஸில் ஒரு பெரிய வீதிக்கு மஜெந்தா எண்டு பெயர். அந்தக் கோடையில் பாரிஸில் அது வெற்றியின் சொல். கடைக்காரருக்கு அது போதும். பூக்சின் மஜெந்தா ஆனது.

இன்னும் நல்ல பகிடி கால்வாய்க்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில் நடந்தது. அங்கே சிம்ப்சன், மோல், நிக்கல்சன் எண்ட கம்பனி இதே நிறத்தை முதலில் ‘ரோசீன்’ எண்டு விற்றது. 1860இல் அவங்களும் மஜெந்தாவுக்கு மாறினாங்க. இங்கிலாந்து அந்தப் போரில் பங்கெடுக்கவே இல்லை. மஜெந்தாவில் ஒரு ஆங்கிலச் சிப்பாய் சாகவில்லை. அப்ப அவர்கள் ஆரை நினைத்துப் பெயர் வைத்தார்கள்? பாரிஸில் எது ஓடுதோ அதை லண்டனிலும் ஓடவிடுறது. கடையில் ‘இந்த வருஷத் தீபாவளிக்குப் புதுசு’ எண்டு பட படப் பெயர் போட்டுச் சாரி விக்கிறாங்களே, அதே வேலைதான்.

போரில் செத்தவர்களுக்கு நினைவு இல்லாமல் போகவில்லை. மஜெந்தா ஊரிலேயே அந்தச் சண்டையில் விழுந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுத்தூபி ஒண்டு நிற்கிறது. ஆஸ்திரியனும் அதுக்குள்ளதான், பிரெஞ்சுக்காரனும் அதுக்குள்ளதான். இத்தாலிக்காரருக்கு அது நாடு ஒண்டான போர், அவங்கள் அதை நினைக்கிறது அவங்கட உரிமை. அதை நினைவு எண்டு சொன்னால் நானும் தலை குனிகிறேன். சாயப்போத்தலின் லேபலை நினைவு எண்டு சொல்லாதீர்கள்.

அந்த வருஷத்தில் நினைவு எண்டால் என்ன எண்டதுக்கு வேறொரு உதாரணமே இருக்கிறது. மஜெந்தாவுக்கு 20 நாள் கழித்து, ஜூன் 24, சொல்ஃபெரினோ எண்ட ஊரில் இன்னும் பெரிய சண்டை. அதையும் விடாமல் சாயக்காரர் இன்னொரு ஊதாச் சிவப்புக்கு ‘சொல்ஃபெரினோ’ எண்டு பெயர் வைத்தார்கள். அதே நேரம் ஜெனீவாவில் இருந்து ஹென்றி துனான் எண்ட ஒரு வியாபாரி தன் அல்ஜீரியக் காணி விஷயமாக மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க அந்தப் பக்கம் போயிருந்தார். சண்டை முடிஞ்ச வயலையும், பக்கத்து ஊர்த் தேவாலயங்களில் தண்ணியில்லாமல் கிடந்த காயக்காரரையும் பார்த்தார். வந்த வேலையை விட்டுவிட்டு அவர்களுக்குக் கட்டுப் போட்டார். 1862இல் அதை ஒரு புத்தகமாக எழுதினார். தலைப்பு ‘சொல்ஃபெரினோவின் ஒரு நினைவு’. அடுத்த வருஷம் செஞ்சிலுவைக் குழு உருவாகக் காரணம் அந்தப் புத்தகம். 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை. 1989 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இலங்கையில் இருக்கிறது. எங்கட வீடுகளில் அந்த வெள்ளை வாகனத்தைத் தெரியாத அம்மம்மா இல்லை.

ஒரே போர். ஒருவர் அதைச் சீலைக்குப் பெயராக்கினார், ஒருவர் அதை நினைவாக்கினார். சொல்ஃபெரினோ எண்ட நிறத்தை இண்டைக்கு ஆருக்குத் தெரியும்?

1859 எண்டதும் எனக்கு முதலில் மஜெந்தா ஞாபகம் வராது, வங்காளம்தான் வரும். நதியா மாவட்டத்தில் அவுரி விதைக்க மாட்டோம் எண்டு விவசாயிகள் எழும்பியது அதே வருஷம். வெள்ளைத் தோட்டக்காரர் முற்பணத்தைத் திணித்து, நெல் விளையும் நிலத்தில் நீலம் விளைவிக்கச் சொன்னார்கள். மறுத்தவனுக்கு அடி, வீட்டுக்குத் தீ. அந்தக் கதையை ‘நீல் தர்ப்பண்’ எண்டு 1860இல் தீனபந்து மித்ரா நாடகமாக எழுத, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லோங் ஒரு மாதம் மறியலில் இருந்தார். ஒரு நிறத்துக்காகவே நடந்த போராட்டம் அது. உலகத்தின் எந்த நிற அட்டையிலாவது ‘நதியா’ எண்டு ஒரு நீலம் இருக்கா? இல்லை. வென்ற பேரரசனின் ஊர்தான் நிறமாகும். அடிவாங்கின விவசாயியின் ஊர் ஆகாது. ‘நினைவாக’ எண்ட சொல் மறைக்கிறது இதைத்தான்.

பிறகு அந்தச் சாயத்தைக் காய்ச்சியவர்கள். 1860க்குப் பிறகு மஜெந்தாவை மலிவாகச் செய்ய ஆர்சனிக் அமிலம் பாவித்தார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சாய ஆலைக் கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகள் நஞ்சானது, சனம் நோயில் விழுந்தது, வழக்கு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மஜெந்தா தயாரிப்புத் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய். செத்தவரின் நினைவாக எண்டால் இவர்களும் அந்த நிறத்தால் செத்தவர்கள்தான். இவர்களுக்கு ஜூன் மாதத்தில் ஒரு படமும் சுத்தி வரவில்லை.

(நியாயமாக ஒண்டும் சொல்லவேணும். இதே சாயத்தால்தான் காசநோய்க் கிருமியை நுணுக்குக்காட்டியில் சிவப்பாகப் பார்க்க முடிந்தது. சளிப் பரிசோதனையில் இண்டைக்கும் பாவிக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அதுக்குப் பெயர் கார்போல் பூக்சின். உயிர் காப்பாத்துற இடத்தில் பூவின் பெயரே நிண்டுவிட்டது.)

இப்ப எங்கட பக்கம் வாறன். போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச பெடியள் சிலர் ஒரு நினைவுநாளுக்குப் பதாகை டிசைன் பண்ணக்குள்ள பின்னணிக்கு மஜெந்தா போட்டார்கள். ஏன்டா எண்டு கேட்டால், “அது போரின் நினைவாக வந்த நிறம் மச்சான், நல்லாப் பொருந்தும்” எண்டான் ஒருத்தன். அந்தப் படம் செய்த வேலை. அவனில் பிழை இல்லை, ஆனால் எனக்கு அண்டைக்கு நித்திரை வரவில்லை.

ஏனெண்டால் ‘நினைவு’ எங்களுக்கு மலிவான சொல் இல்லை. நான் படிக்கிற வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமாக இருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேரும் திரும்பி வரவில்லை. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். அதுக்கு முந்தின மாதம் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள், அடுத்த கிழமை ஏறாவூர். வாவியின் இந்தக் கரையில் ஒரு கணக்கு, அந்தக் கரையில் ஒரு கணக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்லாதவன் எங்கட ஊரைப் பற்றிப் பேசத் தேவையில்லை எண்டது என்ர கருத்து. இவைக்கு வீதியும் இல்லை, பட்டமும் இல்லை. ஊர்ப் பெயர், திகதி, எண்ணிக்கை. அவ்வளவுதான் எங்கட கையில் இருக்கிற நினைவு. அதையும் சொல்ல எத்தனை வருஷம் பயந்து கிடந்தோம் எண்டு உங்கட வீட்டிலேயே கேட்டுப் பாருங்க.

ஒரு சொல் மாறினால் என்ன மாறும் எண்டு கேட்கிறவர்கள் காந்தி பூங்காப் பக்கம் படத்தோடு நிக்கிற அம்மாமாரிடம் கேட்க வேணும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘காணாமற்போன’. அம்மாமார் சொல்றது ‘காணாமல் ஆக்கப்பட்ட’. போனதுக்கும் ஆக்கப்பட்டதுக்கும் இடையில் ஒரு ஆள் நிக்கிறான், ஆக்கினவன். மஜெந்தாவிலும் அந்தப் பத்தி இருக்கு. ஆஸ்திரியப் படையின் இழப்பு 10,000க்கு மேல். அதில் 4,000க்கு மேற்பட்டோர், பிடிபட்டவர்களும் சேர்த்து, ‘காணாமல் போனோர்’ எண்ட பத்தியில். பிரெஞ்சுப் பக்கமும் 4,500 அளவில் இழப்பு. சாயம் விக்கக்குள்ள இந்தப் பத்தியை ஆரும் போத்தலில் ஒட்டவில்லை.

வெற்றியை ‘நினைவு’ எண்டு சொல்லி விக்கிறது எங்கட நாட்டுக்கும் புதுசில்லை. 2009 நவம்பரில் மத்திய வங்கி ஒரு 1000 ரூபாய்த் தாள் வெளியிட்டது. முன்பக்கம் கைகளை உயர்த்திய அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ, பின்பக்கம் கொடி நாட்டுகிற சிப்பாய்கள். அதுக்கும் பெயர் ‘நினைவு’ நாணயத்தாள். அதைக் கொடுத்து அரிசி வாங்கின எங்கட ஆக்களுக்கு அது எதன் நினைவு? அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, 2007 ஜூலை 11, எங்கட மாவட்டத்தில் ஒரு மலை பிடிபட்டது. எட்டு நாள் கழித்துக் கொழும்பில் விழா எடுத்தார்கள். அந்த மலைக்கு எங்கட பெயர் குடும்பிமலை. நாடெல்லாம் செய்தியில் கேட்டது தொப்பிகல. சண்டை முடியும்போது எங்களில் பலருக்கு நாலைந்து வயசு. இண்டைக்குத் தேடிப் பாருங்கள், எந்தப் பெயர் முதலில் வருகிறது எண்டு. பெயர் இப்படித்தான் வேலை செய்யும். வென்றவன் சொல்வான், மற்ற எல்லாரும் வசதிக்காகப் பாவிப்பார்கள், பத்து வருஷத்தில் அது எப்பவும் இருந்த பெயர் மாதிரி ஆகிவிடும்.

“அதுக்காக மஜெந்தா எண்டு சொல்லக் கூடாதா, பிரிண்டரில் என்ன சொல்லுவாய்?” எண்டு கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அச்சுக்கூடத்தில் மை முடிஞ்சால் நானும் மஜெந்தா எண்டுதான் கேட்பேன். சொல்லைத் தீட்டாக்கி, நிறத்துக்கெல்லாம் தூய தமிழில் அகராதி போடுகிற ஆக்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு சாரிக்கடையிலும் வியாபாரம் நடக்காது.

ஆனால் எங்களிடம் சொல் இல்லை எண்டு மட்டும் சொல்லாதீர்கள். வாடாமல்லி எண்டால் தமிழ்நாட்டுப் புடவைக்கடையில் இந்த நிறத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். எங்கட வீடுகளில் கத்தரிப்பூ நிறம், நாவற்பழ நிறம், கடதாசிப்பூ நிறம் எல்லாம் இருக்கு. அம்மம்மா இதை ஒரே வார்த்தையில் பீட்ரூட் கலர் எண்டு முடிப்பா. பூவும் பழமும் கிழங்கும். மருதமுனைத் தறியில் ஓடுகிற சாரனைக் காட்டி இது என்ன நிறம் எண்டு கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் சண்டை நடந்த ஊரைச் சொல்ல மாட்டார். சண்டை நடந்த ஊருக்கு எங்களுக்கா பஞ்சம்? இருந்தும் எந்தக் கடைக்காரரும் எந்த நெசவாளரும் ஒரு சீலைக்குக் கொக்கட்டிச்சோலை எண்டு பெயர் வைக்க நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்கவே உடம்பு கூசுது இல்லையா? அந்தக் கூச்சம் 1859இல் பாரிஸ் கடைக்காரருக்கு வரவில்லை, ஏனெண்டால் சண்டை அவன் வாசலில் நடக்கவில்லை. 1946 ஜூலையில் பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துப் பார்த்த சில நாளில் பாரிஸில் ஒரு நீச்சலுடுப்புக்குப் பிகினி எண்டு பெயர் வைத்தவருக்கும் வரவில்லை. தீவில் இருந்து ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட சனத்தை ஆர் கேட்டது?

இன்னொரு விஷயம், வேதியியல் படிக்கிற நண்பர்கள் சொன்னால் இன்னும் நல்லாச் சொல்லுவார்கள். பூக்சின் வெயிலுக்கு நிக்காத சாயம். அந்தக் காலத்துப் பெண்கள் வெற்றியின் பெயரில் வாங்கிய பட்டு, ரெண்டு கோடை போனால் வெளிறிவிடும். இண்டைக்கு பிளெக்ஸ் பதாகையில் அடிக்கிற மஜெந்தா மை வேறு வேதிப்பொருள்தான், ஆனால் அதுவும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் போகும். கல்லடிப் பாலத்துப் பக்கம் பழைய பதாகைகளைப் பாருங்கள், எல்லா முகமும் நீலம். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களோடு கட்டுகிற பதாகைகளும் அப்படித்தான் நீலமாகிறது. அதனால்தான் அம்மாமார் லெமினேற் பண்ணின படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள், வெயில் ஏறினால் சீலைத் தலைப்பால் மூடுகிறார்கள்.

அடுத்த ஜூனில் அந்தப் படம் உங்கட கைக்கு வந்தால் அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பகிர முன்னம் ஒரு வரியைத் திருத்துங்கள். ‘ஏப்ரலில் பூவின் பெயரில் விற்ற சாயத்துக்கு, ஜூனில் பிரான்ஸ் வென்றதால், விற்பனைக்காகப் போரின் பெயரைப் போட்டார்கள்.’ எழுத்துக் கொஞ்சம் கூடத்தான். பெட்டிக்குள் அடங்கும், நான் டிசைன் பண்ணிப் பார்த்தேன்.